அணைக்காதே என்று நான்தான் சொன்னேன்

விழுப்புரத்தில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியை இப்போது நடத்துகிறவர்கள் என்னிடம் பத்து வரி எழுதித் தரக் கேட்டார்கள். கம்ப்யூட்டரில் திடீரென்று சிவப்பாக ஒரு எச்சரிக்கை குதிக்கிறதே, அதில் எது நிஜம், எது மோசடி என்று வாடிக்கையாளர்களுக்குப் புரியும்படி இருக்க வேண்டுமாம். அச்சடித்து எல்லா இடத்திலும் கொடுக்கப் போகிறார்களாம். எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. இப்படித்தான் முன்பு ஒருமுறை மூன்று வரி எழுதி ஊரெல்லாம் ஒட்டினேன். அந்த மூன்று வரி என்ன செய்தது என்று சொல்லாமல் இந்தப் பத்து வரியைக் கொடுக்க மனசு வரவில்லை. அதனால் கொஞ்சம் நீண்டுவிட்டது.

ரேடியோ, டி.வி. ரிப்பேர் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன் நான். சென்னையில் ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். ஸ்குரூவைக் கழற்றவும் மாட்டவும் அங்கே கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் எனக்கு மேலே இருந்த பாலசுந்தரம் சாரிடம் கற்றது.

சார் ஒரு மெஷினைப் பார்க்கிற முறையை இன்றைக்கும் அப்படியே சொல்வேன். எந்த இடமானாலும் செருப்பை வாசலில் விடுவார். வாடிக்கையாளரின் நாற்காலியில் உட்காரவே மாட்டார். மெஷின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "கடைசியா எது வரைக்கும் நல்லா ஓடிச்சு?" என்று கேட்பார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டார். பிறகு புறங்கையால் பெட்டியைத் தொடுவார். சூடும் தெரியும், எர்த் சரியில்லாமல் ஷாக் அடித்தால் கை தானாகப் பின்னால் வந்துவிடும். அதற்கப்புறம்தான் கீபோர்டில் விரல் வைப்பார்.

அவருக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. வாடிக்கையாளர் முன்னால் நம் தவற்றை ஒத்துக்கொள்ளவே கூடாது. "நம்ம தப்பை நாம ஆபீஸ்ல பேசிக்கலாம் சேகர். அங்க மெஷின்தான் தப்பு பண்ணும்" என்பார். சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் வோல்டேஜ் அல்லது வைரஸ் என்று எழுதுவார். நானும் அப்படியே எழுதிப் பழகிவிட்டேன்.

அந்த மூன்று வரி பிறந்த கதைக்கு வருகிறேன். விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடம். கரண்ட் நினைத்தபோது வந்து நினைத்தபோது போன காலம். பத்தாம் வகுப்பு அரையாண்டு மதிப்பெண்களை ஏற்றிக்கொண்டிருந்த மெஷின் நடுவில் உறைந்து நின்றுவிட்டது. சாயந்திரம் அறையைப் பூட்ட வந்த வாட்ச்மேன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் ஏற்றியது ஒன்றுமில்லை. மூன்று நாள் டீச்சர்கள் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினார்கள். நாங்கள் இருவரும் குற்றவாளிகளைப் போல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

திரும்பி வரும் பஸ்ஸில் சார் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எதையும் தொடாதீர்கள். மெஷினை அணைக்காதீர்கள். உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள். மஞ்சள் ஸ்டிக்கரில் சிவப்பு எழுத்து. விழுப்புரம், கோலியனூர், திண்டிவனம் என்று எங்கள் கம்பெனி கால் வைத்த இடத்தில் எல்லாம் மானிட்டருக்குக் கீழே ஒட்டினேன். ஒட்டியதோடு விடாமல் வாயாலும் சொல்லிக் கொடுத்தேன். யாராவது தானாக அணைத்துவிட்டால் திட்டுவேன். எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. அந்தக் காலத்துக்கு அது சரியான யோசனைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வருடங்கள் போயின. கரண்ட் ஒழுங்கானது, மெஷின்கள் மாறின, இன்டர்நெட் வந்தது. ஸ்டிக்கர் மட்டும் மாறவில்லை. மங்கினால் புதிது ஒட்டினேன்.

அந்தப் போலி எச்சரிக்கையை நான் முதலில் பார்த்தது விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில். திரை முழுக்கச் சிவப்பு. உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டுவிட்டது என்று ஒரு பெண் குரல் இங்கிலீஷில் விடாமல் கத்துகிறது. கடைக்காரர் மிரண்டுபோய் ஸ்பீக்கர் மேல் துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார். நான் சிரித்தேன். அது வெறும் இணையப் பக்கம், திரை முழுக்க விரிந்து மெஷின் தானே பேசுவதுபோல் வேஷம் போடுகிறது. எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடித்தேன், விரிந்தது சுருங்கியது, மூடினேன், முடிந்தது. அடியில் ஒரு ஃபோன் நம்பர் இருந்ததையும் பார்த்தேன். நம் ஊர் ஆட்கள் இதற்கெல்லாம் ஃபோன் போட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அன்றைக்கு அந்தச் சிரிப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இனி ஸ்டெல்லாவின் விஷயம். அது என் கடைசி வருட சர்வீஸில் நடந்தது.

திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் சின்ன ஸ்கேன் சென்டர். அங்கே ரிசப்ஷனில் உட்கார்ந்து ரிப்போர்ட் அடித்துக் கொடுப்பவள் ஸ்டெல்லா. பதினான்கு வருடமாக எனக்குத் தெரியும். புருஷனுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி வீட்டோடு இருந்தார். அவள் சம்பளத்தில்தான் குடும்பம். அந்த வருடம் ஒரு ரிப்போர்ட்டில் பெயர் மாற்றி அடித்துவிட்டாள் என்று டாக்டர் கடிந்துகொண்டிருக்கிறார். இன்னொரு தப்பு நடந்தால் டிகிரி படித்த வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று நோயாளிகள் முன்னாலேயே சொன்னாராம். அதிலிருந்து அவள் பயந்து பயந்துதான் வேலை செய்தாள்.

அன்றைக்கு நான் வேறொரு வேலையாகத் திண்டிவனம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் அவள் செல்லிலிருந்து ஃபோன்.

"சார், நீங்க மட்டும் போடுவீங்களே ஒரு பெரிய பாஸ்வேர்டு, அதைக் கொஞ்சம் சொல்றீங்களா? லைன்ல காத்துக்கினு இருக்காங்க."

யார் என்று கேட்டேன்.

"நம்ம ஹெல்ப்லைன்தான் சார். ஸ்கிரீன்ல நம்பர் வந்துச்சு. தமிழ்லயே பேசறாரு, மேடம் மேடம்னு ரொம்ப மரியாதையா பேசறாரு."

எங்கள் கம்பெனிக்கு ஹெல்ப்லைன் கிடையாது. மூன்று ஆட்களும் ஒரு பழைய லேண்ட்லைனும்தான் கம்பெனி. ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்றுவிட்டேன்.

மெதுவாக விசாரித்தேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் சட்னி செய்முறை பார்க்க ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்திருக்கிறாள். சிவப்பாகக் குதித்திருக்கிறது. சத்தம் வேறு. பெஞ்சில் இருந்த நோயாளிகள் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு மணிக்கு டாக்டர் வந்துவிடுவார், அதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று லேண்ட்லைனில் அந்த நம்பரை அழைத்திருக்கிறாள். அவன் ஒரு புரோகிராமை இறக்கச் சொல்லி, அதில் வந்த எண்ணைப் படிக்கச் சொல்லியிருக்கிறான். படித்தவுடனே மவுஸ் தானாக நகர ஆரம்பித்துவிட்டது. எங்கேயோ உட்கார்ந்திருக்கிறவன் அந்த மெஷினுக்குள் வந்துவிட்டான். உள்ளே வந்து சிவப்புப் புள்ளிகள் நிறைந்த ஒரு பட்டியலைத் திறந்து காட்டி, இத்தனையும் வைரஸ் மேடம் என்றிருக்கிறான். அந்தப் பட்டியல் எல்லா மெஷினிலும் இருக்கும். மெஷின் தினசரி எழுதிக்கொள்கிற குறிப்பு அது, என் வீட்டு மெஷினைத் திறந்தாலும் சிவப்புப் புள்ளி நூறு இருக்கும். அவளுக்கு அது எப்படித் தெரியும்? நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லையே.

அந்த மெஷினில்தான் டாக்டரின் எட்டு வருட ரிப்போர்ட்டுகள் இருந்தன. கர்ப்பப் பரிசோதனை, மார்பில் கட்டி, கல்யாணம் ஆகாத பெண்களின் ஸ்கேன். பெயரும் ஊரும் ஃபோன் நம்பரும் சேர்த்து. என் பாஸ்வேர்டு கிடைத்தால் அவன் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொள்வான். அது கிடைக்காமலேயே பார்க்கலாம், எடுக்கலாம். சரிசெய்ய ஒரு தொகை கேட்டிருக்கிறான், டாக்டருக்குத் தெரிய வேண்டாம் என்று அவள் தன் செல்லிலிருந்தே அனுப்பத் தயாராக இருந்தாள். பின் நம்பர் போடுவதுதான் பாக்கி.

"ஸ்டெல்லா, அவன் திருடன்மா. பணம் அனுப்பாத. மொதல்ல மெஷினை ஆஃப் பண்ணு" என்று கத்தினேன். பஸ்ஸே என்னைப் பார்த்தது.

அவள் சொன்னாள்:

"அணைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு சார். எதையும் தொடாதே, இந்த நம்பருக்குக் கூப்பிடுன்னு. நீங்களும் அதானே சார் ஒட்டி வெச்சிருக்கீங்க?"

மோசடிக்காரன் திரையில் போட்டிருந்த மூன்று கட்டளையும் நான் திரைக்குக் கீழே ஒட்டியிருந்த மூன்று கட்டளையும் ஒன்றுதான். அவன் ஒரு நிமிடம்கூட கஷ்டப்படவில்லை. பதினான்கு வருடமாக நானே அவனுக்காக ஆளைப் பழக்கி வைத்திருந்தேன்.

நான் மறுபடி பேசத் தொடங்கும்போது லேண்ட்லைன் ரிசீவரில் அவன் ஏதோ சொல்வது மெலிதாகக் கேட்டது. அவள் குரல் மாறிவிட்டது.

"சார்... நீங்க சேகர் சார்தானே? தெரிஞ்சவங்க குரல்லயே பேசி அணைக்கச் சொல்லுவாங்களாம். அவரு சொல்றாரு."

நான் அவள் மகள் பெயரைச் சொன்னேன். அந்தப் பெண் சர்ச்சில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய நாள் விருந்துக்கு அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டதைச் சொன்னேன். அதெல்லாம் மெஷினில் ஃபோட்டோவாக இருக்கிறது சார் என்றாள், அழுகிற குரலில். அவள் சொன்னதைத் தப்பென்றும் சொல்ல முடியாது. லைன் கட்டாகிவிட்டது. திரும்பத் திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. பஸ் கூட்டேரிப்பட்டில் ஆள் ஏற்ற நின்றது. இறங்கி ஓடிவிடலாம் என்று கால் பரபரத்தது. ஓடி எங்கே போவது?

அப்போதுதான் கீழே மருந்துக்கடை வைத்திருக்கும் காதர் பாய் ஞாபகம் வந்தது. அவர் பில் மெஷினையும் நான்தான் பார்த்தேன். அவருக்கு ஃபோன் போட்டு, மாடிக்குப் போய் மெயின் சுவிட்சை அணையுங்கள், அப்புறம் சொல்கிறேன் என்றேன். நல்ல மனிதர், கேள்வி கேட்கவில்லை. கடையில் கூட்டத்தை விட்டுவிட்டு மூச்சு வாங்க மாடியேறினார். மெயினை அணைத்தார்.

"சார், லைட்டு போச்சு, ஃபேன் போச்சு. டப்பா மட்டும் ஓடிக்கினே கீது. இன்னா பேஜாரு இது?"

ஓடத்தான் செய்யும். கரண்ட் போனாலும் இரண்டு மணி நேரம் அணையாமல் இருக்க வேண்டும் என்று பெரிய பேட்டரி போட்ட யு.பி.எஸ். வாங்க வைத்ததும் நான்தான். இன்டர்நெட் பெட்டியையும் அதிலேயே மாட்டியிருந்தேன். என் கெட்டிக்காரத்தனம் எல்லாம் அன்றைக்கு வரிசையாக நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது.

மெஷினுக்குப் பின்னால் இன்டர்நெட்டுக்கு நீல ஒயர் ஒன்று வரும் பாய், அதைப் பிடுங்குங்கள் என்றேன். அவர் கையை நீட்டியதும் ஸ்டெல்லா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாளாம். வேண்டாம் பாய், எல்லா ரிப்போர்ட்டும் போயிடும், என் வேலை போயிடும் என்று அவள் சொல்வது எனக்குக் கேட்டது. பாய் பாவம், ஒரு பெண் கையைப் பிடித்தபின் இழுக்கத் தெரியாமல் நின்றாராம். ஸ்பீக்கரில் போடுங்கள் என்றேன்.

என்ன சொன்னால் நம்புவாள்? அடையாளம் எதையும் அவள் ஏற்கப் போவதில்லை. கட்டளை போட்டால் அவனும் கட்டளைதான் போடுகிறான். முப்பது வருடத்தில் நான் ஒரு வாடிக்கையாளரிடமும் சொல்லாத ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"ஸ்டெல்லா, நான் உனக்குத் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்மா. அணைக்காதன்னு சொன்னது என் தப்பு. ஸ்டிக்கர் ஒட்டுனது என் தப்பு. ரிப்போர்ட் போனா அதுவும் என் தலையில. நீ ஒயரை எடுத்துடு."

யு.பி.எஸ். கீச் கீச்சென்று கத்துவது மட்டும் கேட்டது. பிறகு பாய் சொன்னார், "அவங்களே புடுங்கிட்டாங்க சார்."

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் அந்த ஒயரின் நுனியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏமாத்தறவன் தன் தப்புன்னு ஒத்துக்க மாட்டான்னு தோணிச்சு சார் என்றாள். பணம் போகவில்லை. ரிப்போர்ட்டுகள் எல்லாம் இருந்தன. ஆனால் அவை இருந்த ஃபோல்டரை அவன் திறந்து பார்த்திருக்கிறான். எதையாவது எடுத்துக்கொண்டு போனானா என்று நான் இரண்டு நாள் தேடினேன். இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பெண்களில் யாருக்காவது ஒருநாள் ஒரு மிரட்டல் ஃபோன் வந்தால் என்ன செய்வது என்று இப்போதும் சில நாள் சாப்பிட உட்காரும்போது தோன்றும். சோறு இறங்காது.

அன்றைக்கு ஒரு மணிக்கு டாக்டர் வந்தார். என் கையில் சர்வீஸ் ரிப்போர்ட். 'காரணம்' என்ற கட்டம் காலியாக இருந்தது. வைரஸ்னு எழுதிடுங்க சார் என்று ஸ்டெல்லா கெஞ்சினாள். எழுதியிருந்தால் அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. பாலசுந்தரம் சார் இருந்திருந்தால் பேனாவையே வாங்கி எழுதியிருப்பார். ஆனால் உள்ளே இருப்பது நூற்றுக்கணக்கான பேருடைய உடம்பு விஷயம். வைரஸ் என்று எழுதினால் யாரும் போலீசில் புகார் கொடுக்க மாட்டார்கள். 'எங்கள் கம்பெனி கொடுத்த தவறான அறிவுரை' என்று எழுதி, என் பெயரைப் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

டாக்டர் இரண்டு முறை படித்தார்.

"இவங்க தப்பு ஒண்ணும் இல்லையா?"

"இல்ல சார். அவங்க நான் சொன்னதை அப்படியே செஞ்சாங்க."

அன்றைக்கே சைபர் கிரைமில் புகார் கொடுத்தார். ஸ்டெல்லாவை ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் கம்பெனியின் ஒப்பந்தத்தை அடுத்த மாதம் முடித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். ஆபீஸில் என்னிடம் யாரும் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ரிட்டயர் ஆகும்வரை மிச்சமிருந்த நாட்களில் நான் செய்த முக்கியமான வேலை, ஊர் ஊராகப் போய் ஸ்டிக்கர்களைச் சுரண்டி எடுத்ததுதான். நகக்கண்ணில் மஞ்சள் ஏறி வலிக்கும்.

இப்போது அவர்கள் கேட்ட பத்து வரியை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பத்துகூட வராது. நிஜமான எச்சரிக்கை கத்தாது. ஃபோன் நம்பர் கொடுக்காது. அவசரப்படுத்தாது. அணைக்காதே என்று மிரட்டாது. இவற்றைச் செய்கிறது எதுவானாலும், ஒயரைப் பிடுங்கிவிட்டு, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆளை, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த நம்பரில் நீங்களே கூப்பிடுங்கள். எண்ணைப் படிக்கச் சொன்னால் படிக்காதீர்கள். பாஸ்வேர்டு கேட்டால், அது நானாகவே இருந்தாலும், ஏன் என்று கேளுங்கள். பயமாக இருக்கும்போது எதையும் முடிவு செய்யாதீர்கள், பக்கத்தில் இருக்கிறவரைக் கூப்பிடுங்கள். ஏமாந்துவிட்டால் மறைக்காதீர்கள்.

ரிட்டயர் ஆகி ஒரு வருடம் கழித்து, முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்கக் காதர் பாய் கடைக்குப் போனவன், அப்படியே மாடிக்கும் போனேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வீட்டு நலமெல்லாம் விசாரித்தாள். புருஷன் இப்போது கொஞ்சம் நடக்கிறாராம். பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் ஏதோ ஒரு சின்ன அறிவிப்பு வந்தது. பார்த்தவுடன் தெரிந்தது, சாதாரண அப்டேட், ஒரு அழுத்து அழுத்தினால் போய்விடும். பழக்க தோஷம், கை மவுஸை நோக்கிப் போய்விட்டது. அவள் சட்டென்று மவுஸின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"கை வைக்காதீங்க சார். நீங்க இப்ப எங்களுக்கு சர்வீஸ் பண்ற ஆளு இல்லையே. டாக்டரைக் கேட்டுட்டு, புது சர்வீஸ் ஆளுக்கு நான் ஃபோன் பண்ணிக்கறேன். நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க."

அவள் சொன்ன இடம் நோயாளிகள் உட்காரும் பெஞ்சு. போய் உட்கார்ந்தேன். எனக்கு வந்த கோபம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அவள் தன் டைரியைத் திறந்து, நம்பரைத் தேடி, விரல் வைத்து ஒவ்வொரு எண்ணாக அழுத்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் கலங்கியது, அடக்கிக்கொள்ளவில்லை.